பீலாவாக்கம் என்று நான் வைத்த பெயர்

ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு நான் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். "நம்ம ஆபீஸ்ல ஊருக்கு ஊரு, ஆளுக்கு ஆளு பட்டப்பேரு வெச்சிருந்தீங்களே சார், அதை எழுதுங்க. படிக்கிறவங்க சிரிக்கணும்" என்றார் மலரைத் தொகுக்கும் கார்த்திகேயன். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சில நாட்களில் உத்திரமேரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் லைன் வேலை பார்க்கும் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் போன் வந்தது. "இல்ல மாமா, சாயங்காலம் வர முடியாது. பீலாவாக்கத்துல கம்பம் மாத்துற வேலை கீது" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இன்னொருவர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "சார், அந்தப் பேரு நீங்க வெச்சதாமே? செம பேரு சார்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவர்கள் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே நான் ஓய்வுபெற்றுவிட்டேன். நான் வைத்த பெயர் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

ஆகவே கேட்ட கட்டுரையைத்தான் எழுதுகிறேன். ஆனால் கடைசிவரை சிரிக்க முடியாது. மலரில் போடுவதா வேண்டாமா என்பதை நண்பர்கள் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

நான் மின்துறையில் டிப்ளமோ படித்தவன். பயிற்சிக் காலத்தில் கம்பம் ஏறினேன், கிரீஸ் பூசினேன், திட்டு வாங்கினேன். சொல்லிக்கொள்ள அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு சாலவாக்கம் பக்கத்தில் ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்தேன். வேலைக்காலத்தில் பெரும்பகுதி அந்த ஒரே அறையில்தான் கழிந்தது. வரிசையாக இரும்புப் பலகைகள், ஒவ்வொன்றிலும் அம்மீட்டர்கள், கீழே சுவிட்ச். மேசையில் ஒரு போன். ஒவ்வொரு பலகையிலிருந்தும் ஒரு பீடர் லைன் புறப்பட்டு, வயல்களையும் ஏரிக்கரைகளையும் தாண்டி ஊர் ஊராகப் போகும். ஊர்களை நான் அதிகம் நேரில் பார்த்ததில்லை. முள் ஏறுவதும் இறங்குவதுமாகவே எனக்கு அவை அறிமுகம்.

பட்டப்பெயர்கள் எங்களுக்கு விளையாட்டு மட்டும் அல்ல. கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பவர் நீட்டி முழக்கிப் பேச முடியாது. ஒரே சொல்லில் இடமும் ஆளும் நிலைமையும் விளங்க வேண்டும். ஒரு லைன் ஓரமாக எங்கே வேலை செய்தாலும் யாராவது இட்லியோ கூழோ கொடுத்துவிடுவார்கள். அது 'நாஷ்டா பீடர்'. அந்தப் பக்கம் பழுது என்றால் கேட்காமலேயே நாலு பேர் கிளம்புவார்கள். தூறல் விழுந்தாலே நின்றுபோகும் லைன் 'நனைஞ்ச கோழி'. நெசவாளர் தெரு ஒன்று இருந்தது. கரண்ட் போன மறு நொடி அங்கிருந்து போன் வரும். அது 'அலாரம் தெரு'. மாசத்துக்கு ஒருமுறை எரிந்துபோகும் டிரான்ஸ்பார்மர் 'பேஜார் டப்பா'. கம்பம் ஏறும் குழு 'வானரப்படை'. மீட்டர் கணக்கு எடுப்பவர்கள் 'எட்டிப்பார் கோஷ்டி'. காஞ்சிபுரத்தில் இருந்த மேல் அலுவலகம் 'கைலாசம்'. போன காகிதம் திரும்பாது.

இவற்றில் பாதி நான் வைத்தவை. எனக்கு அது நன்றாக வந்தது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, மறு வாரம் அதையே இன்னொருவர் வாயில் கேட்பதில் ஒரு பெருமை இருந்தது.

எங்கள் உதவிப் பொறியாளர் வரதராஜன் சாருக்கு மட்டும் இது பிடிக்காது. கோபித்துக்கொள்ள மாட்டார். மெலிந்த உடம்பு, சலவைச் சட்டை, சத்தமில்லாத செருப்பு. பியூனைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். யாராவது அவர் முன்னால், "சார், நாஷ்டா பீடர்ல மரம் சாஞ்சி கீது" என்றால், "அப்படி ஒரு பீடர் என் பிரிவில் இல்லையே" என்பார். சரியான பெயரைச் சொல்லும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். மூத்த லைன்மேன் முனுசாமிதான் அடிக்கடி மாட்டுவார். வெளியே வந்து, "இந்தாளுக்கு பேரு வெக்க முடியலயே நைனா, எதுலயும் சிக்க மாட்டேன்றாரு" என்று தலையில் அடித்துக்கொள்வார். உண்மைதான். அவருக்கு மட்டும் எங்களிடம் பட்டப்பெயர் கிடையாது.

லைனை நிறுத்தி ஆள் ஏற்றும்போது அவர் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவர் போனில் லைனின் பெயரையும், எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை என்பதையும் சொல்வார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே சுவிட்சை இறக்குவேன். 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையை அதில் மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். போனில் லைன் கேட்டவரின் குரலையே மறுபடி கேட்காமல் அந்தச் சாவி வெளியே வராது. "உங்க காதுதான் அங்க இருக்கிறவரோட உயிர், மணவாளன்" என்று சார் சொல்வார். இந்த முறையில் நான் ஒருநாளும் தவறியதில்லை. எங்கள் ஆட்கள் யாருக்கும் என் கையால் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. எங்கள் ஆட்களுக்கு என்றுதான் சொல்கிறேன்.

வேலங்கண்டிகை என்பது ஒரு பீடரின் கடைசி நுனியில் இருந்த சிறிய ஊர். ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வீடுகள், அவர்களுடைய நெல் வயல்கள். லைன் அங்கே போய்ச் சேர்வதற்குள் வழியில் உள்ள பெரிய ஊர்களின் பம்ப்செட்டுகள் மின்னழுத்தத்தை உறிஞ்சிவிடும். மிச்சத்தில் பல்பு சிவப்பாக எரியும், மோட்டார் உறுமிவிட்டு நிற்கும். அவர்கள் போன் செய்து, "கரண்டு கம்மியா வருது சார்" என்பார்கள். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. புதிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று சார் எழுதியிருந்தார், அது கைலாசத்தில் இருந்தது. "பாக்கறோம்" என்று சொல்லி வைத்துவிடுவோம்.

ஒருநாள் அங்கே காற்றில் கம்பி உண்மையாகவே அறுந்தது. வானரப்படை ஓடிப்போய்க் கட்டியது. போன ஆட்களை ஊரே சூழ்ந்துகொண்டு கரண்ட் கம்மியாக வருவதையும் காட்டியிருக்கிறது. அவர்களும் டிரான்ஸ்பார்மரில் ஏதோ திருகிவிட்டு வர, சில நாள் விளக்கு நன்றாக எரிந்ததாம். அதிலிருந்து ஊர் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கம்மியாக வருகிறது என்றால் யாரும் வர மாட்டார்கள், கம்பி அறுந்தது என்றால் வருவார்கள்.

அடுத்த தடவை, "கம்பி அறுந்துட்சி சார்" என்று போன் வந்தது. முனுசாமி வெயிலில் சைக்கிள் மிதித்துப் போனார். கம்பி அறுந்திருக்கவில்லை. "வந்ததே வந்துட்ட, அந்த டப்பாவக் கொஞ்சம் பாருப்பா" என்று மோர் கொடுத்திருக்கிறார்கள். அதற்கடுத்து, கம்பம் சாய்ந்துவிட்டது என்றார்கள். அதுவும் சாயவில்லை. முனுசாமி வியர்வையோடு வந்து என் அறையில் உட்கார்ந்து, "அந்த ஊர்ல ஒர்த்தன் வுடாம எல்லாரும் பீலா வுட்றானுங்க சார்" என்றார். இந்தப் பக்கம் எல்லா ஊரும் ஏதாவது ஒரு வாக்கம்தானே. நான் யோசிக்காமல், "அப்ப அது வேலங்கண்டிகை இல்லய்யா, பீலாவாக்கம்" என்றேன். அறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முனுசாமி களைப்பை மறந்து என் முதுகில் தட்டினார்.

அன்று வைத்த பெயர் சில மாதங்களில் ஒரு வேலைமுறையாக மாறியது. யாரும் உத்தரவு போடவில்லை. ஷிப்ட் மாற்றும்போது ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொண்டோம். பீலாவாக்கத்திலிருந்து போன் வந்தால் பதிய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். அதே புகார் பக்கத்து ஊரிலிருந்தும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மற்ற எந்த ஊருக்கும் இந்த இரட்டைச் சாட்சி தேவைப்படவில்லை. வரதராஜன் சாருக்கு இது தெரியாது. அவர் காதில் அந்தப் பெயரே விழாதபடிதானே நாங்கள் பேசினோம்.

அந்த ஊரிலிருந்து போன் செய்பவர் பெரும்பாலும் ஏகாம்பரம் என்ற விவசாயி. அவரிடம் சைக்கிள் இருந்தது. மெயின் ரோட்டில் இருந்த டெலிபோன் பூத்துக்கு மிதித்து வந்து பேசுவார். அதனால் ஊர் முழுவதன் பொய்யும் எங்கள் காதில் அவர் குரலில்தான் விழுந்தது.

நடவு மும்முரமாக இருந்த ஒரு காலை. பம்ப்செட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் கொடுக்கும் நேரம். அந்த நேரத்தில் பீடரை நிறுத்தினால் பெரிய ஊர்களிலிருந்து ஆட்கள் டிராக்டரில் ஏறிச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். போன் அடித்தது.

"சார், ஆப்பீசா? வேலங்கண்டிகை ஏகாம்பரம் பேசறன். கம்பி அறுந்து வியிந்து கெடக்குது சார், ஏரிக்கரையாண்ட."

"இன்னா ஏகாம்பரம், இன்னிக்கிக் கம்பியா? போன தபா கம்பம் இல்ல சாஞ்சிது?"

"அய்யோ, இது மெய்யாலும் சார். மாடு கண்ணு போற வழி. கொஞ்சம் ஆப் பண்ணுங்க சார். யாரும் வந்து மிதிக்காம எம் பொண்டாட்டி அங்கியே நின்னுக்கினு கீறா."

"உங்க ஊர்ல ஃபேன் ஓடுதா?"

"ஓடுது சார். மெதுவா ஓடுது."

"கம்பி அறுந்தா ஃபேன் எப்பிடிய்யா ஓடும்? வை போன."

"சார், சார், ஒரே ஒரு வாட்டி..."

நான் வைத்துவிட்டேன். டிப்ளமோ படித்த எனக்குத் தெரியும், மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் அறுந்தால் ஃபேன் மெதுவாக ஓடும். காய்ந்த கல்லிலும் முள் புதரிலும் விழுந்த கம்பி பல சமயம் சுவிட்சைத் தட்டாது, உயிரோடு அப்படியே கிடக்கும். இவை பரீட்சையில் நான் எழுதிய விடைகள். திரும்பி அம்மீட்டர்களைப் பார்த்தேன். மூன்றில் ஒன்றின் முள் மற்ற இரண்டைவிடச் சற்றே இறங்கியிருந்தது. லைன் நுனியில் இருக்கும் ஒரு சின்ன ஊர் அறுந்துபோனால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. அதைக் கண் பார்த்தது. காதில் பீலாவாக்கம் என்று விழுந்துவிட்டதால் புத்தி பார்க்கவில்லை. பாத்திரத்தில் இருந்த டீயை ஊற்றிக் குடித்தேன்.

டம்ளரைக் கழுவி வைக்கும்போது அந்த பீடரின் சுவிட்ச் டமாரென்று தானாக விழுந்தது.

லைன் இப்படி ட்ரிப் ஆனால் சிறிது பொறுத்து ஒருமுறை போட்டுப் பார்ப்பது வழக்கம். கிளை உரசியிருக்கும், காக்கை அடித்திருக்கும், பெரும்பாலும் இரண்டாவது முறை போட்டால் விழாமல் நிலைத்துவிடும். ஆனால் எங்காவது கம்பி அறுந்ததாகத் தகவல் இருந்தால் போடவே கூடாது. ஆள் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை அது செத்த லைன்தான். எனக்குத் தகவல் வந்திருந்தது. அதை நான் தகவலாக எண்ணவில்லை. பொறுத்தேன். போட்டேன். உடனே மறுபடி விழுந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. நாங்கள் வைத்திருந்த இரண்டாவது சாட்சி. ஏரிக்கரையில் ஒரு பெண் கிடப்பதாகச் சொன்னார்கள்.

அவர் பெயர் கன்னியம்மாள். ஏகாம்பரத்தின் மனைவி. ஊர் ஆட்கள் நடவுக்குப் போயிருக்க, வழியில் யாரும் வராமல் தனியாகக் காவல் நின்றிருக்கிறார். கன்றுக்குட்டி ஒன்று ஓடிவந்திருக்கிறது. அதைத் தள்ளிவிடப் போயிருக்க வேண்டும். நேரில் பார்த்தவர் இல்லை. கன்றும் பிழைக்கவில்லை. அறுந்த கம்பிக்குக் காவல் நிற்பது எங்கள் வேலை. அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோது இறந்தார்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதற்கு முன்னால் வரதராஜன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். காற்றில் காகிதம் பறக்கிறது என்று ஃபேனை நிறுத்தினார். "மணவாளன், ரெண்டே கேள்வி. ட்ரிப் ஆகறதுக்கு முன்னாடி அந்த ஊர்லேர்ந்து போன் வந்ததா?"

"வரல சார்."

"ட்ரிப் ஆன பிறகு போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அதுவரை நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பதிவேட்டிலும் ஒரே ஒரு ட்ரிப் என்றுதான் எழுதியிருந்தேன். வேலை போய்விடும், ஜெயில்கூட வரலாம் என்ற பயம். வேறு காரணம் தேடி எழுத மாட்டேன்.

ஏகாம்பரம் வலது கையில் கட்டோடு வந்து நின்றார். பூத்திலிருந்து போன் செய்ததாகச் சொன்னார். பிறகு, "நான் திரும்பிப் போறப்ப மோட்டாரு சத்தமே இல்ல, கரண்டு இல்ல சார். நின்னுட்சி. அவ காலு அசஞ்சிது, நான் கண்ணால பார்த்தன். தூக்கலாம்னு கையப் புட்சேன். அப்பத்தான் திரும்ப வந்து என்னத் தூக்கி அட்ச்சிது" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஒரே தடவைதான் சார் ட்ரிப் ஆச்சு. நான் திரும்பப் போடல" என்றேன்.

கதவோரம் நின்ற முனுசாமி, யாரும் கேட்காமலே, "அது பீலாவாக்கம் சார், அவங்க அப்பிடித்தான்" என்றார். இரண்டு மூன்று பேர் உதட்டை மடக்கிச் சிரிப்பை அடக்கினார்கள். அதிகாரிக்குப் பெயரின் அர்த்தம் உடனே புரிந்தது. இந்தப் பக்கத்துத் தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். வரதராஜன் சார், "அப்படி ஒரு ஊர் என் பிரிவில் இல்லை" என்று முனுசாமியிடம் சொன்னார். அடுத்து அதிகாரியிடம், "என் ஆபரேட்டர் சொல்றது சரியா இருக்கும்" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். ஏகாம்பரம் கரண்ட் இருக்கும்போதே அறியாமல் தொட்டுவிட்டார் என்று முடிவானது. என் பொய்யை நான் நிரூபிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான் வைத்த பெயர் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டது.

வேலங்கண்டிகைக்குப் புது டிரான்ஸ்பார்மர் அதன் பிறகு சீக்கிரமே வந்தது. அந்த ஊரிலிருந்து பொய்ப் புகார் ஒன்றுகூட அதற்கப்புறம் வரவில்லை. மெதுவாக ஓடும் ஃபேனுக்காக மட்டும்தான் அவர்கள் பொய் சொன்னார்கள்.

வரதராஜன் சார் மாற்றலாகிப் போகும்வரை என்னிடம் மரியாதை குறையவில்லை. ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் காலையில் நான் படிக்கும் அளவுகளை ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்வார். பிறகு ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டார். "திரும்பச் சொல்லுங்க" என்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை.

கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்துவந்த மறுநாள், டவுன் பஸ் பிடித்து வேலங்கண்டிகைக்குப் போனேன். அந்த ஊரில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. ஏகாம்பரம் களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியே இருந்தன. ஆபரேட்டர் மணவாளன் என்று சொன்னதும் உதறுவதை நிறுத்தினார்.

"போன்ல பேசுன சாரா?"

"ஆமாங்க. அன்னிக்கி நீங்க பேசினது என்கிட்டத்தான். வரலைன்னு விசாரணையில பொய் சொன்னேன்."

"அது எனுக்குத் தெரியாதா சார்? பேசுனவன் நானு." குரலில் கோபம்கூட இல்லை. வைக்கோலைக் கீழே போட்டார். "வேற ஒண்ணு கேக்கணும் ஒன்ன. கரண்டு ஒரு வாட்டி நின்னுது. அப்பறம் வந்துது. அது தானா வந்துதா, எவனாச்சும் போட்டானா?"

"நான்தாங்க போட்டேன்."

அவர் களத்துமேட்டில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நின்னுதுதான?"

"நின்னுது."

"நடுவுல நின்னுதுதான? நான் போறப்ப இல்லதான?"

"இல்ல. கொஞ்ச நேரம் கரண்டே இல்ல. அதுக்கப்புறம்தான் நான் போட்டேன்."

அவர் விவரம் சொன்னார். கன்னியம்மாளின் அண்ணன் இதே ஊரில் அடுத்த தெருவில் இருக்கிறார். தங்கை செத்த நாளிலிருந்து அவர் ஏகாம்பரத்தோடு பேசுவதில்லை. கரண்ட் நின்றது, கால் அசைந்தது, தூக்கப் போனேன் என்று ஏகாம்பரம் சொன்னதை அவர் நம்பவில்லை. பொண்டாட்டியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனவன், வந்து பார்த்துப் பயந்து, பழிக்குத் தப்பக் கதை கட்டுகிறான் என்று முடிவு செய்துவிட்டார். ஆபீசிலேயே விசாரித்து, கரண்ட் நடுவில் நின்று வரவில்லை என்று சொல்லிவிட்டார்களே. பெண்ணின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. நாளடைவில் பெண்ணே, "வுடு நைனா, அப்பிடி ஒண்ணும் நடந்திருக்காது, நீ மயக்கத்துல பார்த்திருப்ப" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

"எனுக்கே சந்தேகம் வந்துட்சி சார்" என்றார் ஏகாம்பரம். "அவ காலு அசஞ்சிதா, இல்ல நானாத்தான் நெனச்சிக்கினனான்னு."

என் காதில் விழ நான் விரும்பாத ஒன்று அதில் இருந்தது. கால் அசைந்தது உண்மை என்றால், நான் போட்ட நேரத்தில் கன்னியம்மாள் உயிரோடு இருந்திருக்கிறார். இத்தனை வருஷமும், முதல் அடியிலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று சொல்லித்தான் நான் தூங்கினேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு அவரை நம்ப முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

"அசஞ்சிருக்கும்ங்க. நீங்க பார்த்தது சரி" என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வா சார்" என்றார். எங்கே என்று கேட்காமல் பின்னால் நடந்தேன். அடுத்த தெருவில் ஓர் ஓட்டு வீட்டின் வாசலில், வயதான ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து அவருடைய மருமகள் வந்து, மாமனாரையும் ஏகாம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

"மச்சான், இவுரு கரண்டு ஆப்பீசு" என்றார் ஏகாம்பரம். "அன்னிக்கி டூட்டியில இருந்தவரு. அவுரு வாயாலயே சொல்றாரு, கேளு."

நான் சொன்னேன். அவர் கையைக் காதில் வைத்து, "இன்னா சொல்றாரு?" என்று மருமகளைக் கேட்டார்.

"அவுருக்குக் காது மந்தம்" என்றார் ஏகாம்பரம். "சத்தமா சொல்லு சார்."

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கட்டிலுக்கு அருகில் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "ஏகாம்பரம் சொன்னது நெஜம். கரண்டு நின்னுது. அவர் தூக்கப் போனாரு. நான்தான் திரும்பப் போட்டேன்."